கலக்கினால் காந்தம் சேருமா? கொந்தளிக்கும் திரவத்தில் பெரிய காந்தப்புலம் வளர்ப்பதைக் கையாலும் கணினியாலும் செய்து பார்க்கும் வழி

காலையில் மகளுக்குத் தலை பின்னிவிடும்போது ஒருநாள் என் கையையே நிறுத்திப் பார்த்தேன். ரப்பர் பேண்டை இழுக்கிறேன். எட்டுப் போல முறுக்குகிறேன். முறுக்கியதில் ஒரு வளையத்தை மற்றதன் மேல் மடித்துப் பின்னல் நுனியில் போடுகிறேன். ஒற்றை வளையம் இரட்டையாகிவிட்டது. சூரியனுக்குள் காந்தப்புலம் பெருகுவதை விளக்க 1972-ல் வைன்ஷ்டைன், செல்டோவிச் என்ற இரு சோவியத் அறிஞர்கள் சொன்னதும் இதே மூன்று செயல்தான்: இழு, முறுக்கு, மடி.

திருநெல்வேலிப் பக்கம் ஒரு கல்லூரியில் எம்.எஸ்ஸி. மாணவர்களுக்கு மின்காந்தவியல் நடத்துகிறேன். டைனமோ பாடம் (ஓடும் திரவம் தானே காந்தத்தை வளர்த்துக்கொள்வதைச் சொல்வது) வரும்போதெல்லாம் யாராவது ஒருவர் கேட்டுவிடும் கேள்வி இது: "மேம், கலக்கினா கலையத்தானே செய்யும்? கொந்தளிக்கிற திரவத்துல எப்படி மேம் இவ்வளவு பெரிய காந்தம் சேரும்?" மிக நல்ல கேள்வி. இதற்குப் பலகையில் விடை எழுதிப்போட்டால் பரீட்சை வரைக்கும்தான் நிற்கும். அதனால் நான் ரப்பர் பேண்டில் தொடங்கி, சணல் கயிற்றுக்குப் போய், ஒரு வகுத்தல் கணக்கைப் போட வைத்து, கடைசியில் கணினியைத் திறக்கச் சொல்கிறேன். நீங்களும் அந்த வரிசையிலேயே வாருங்கள். கல்லூரி முதலாண்டுக் கணக்கும் கொஞ்சம் பைத்தானும் தெரிந்தால் போதும்.

ரப்பர் பேண்டும் சணலும்

அகலமான ரப்பர் பேண்ட் ஒன்றை எடுத்து, பால்பாயிண்ட் பேனாவால் சுற்றிலும் ஒரே திசையில் அம்புக்குறிகள் போடுங்கள். அந்த அம்புதான் காந்தக்கோடு. மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் திரவத்தில் காந்தக்கோடு திரவத்தோடு ஒட்டிக்கொண்டே நகரும்; திரவம் நீண்டால் கோடும் நீளும். இப்போது இரண்டு மடங்கு நீளத்துக்கு இழுங்கள். பேண்டின் தடிமன் குறைகிறது. அதே அளவு காந்தப்பாயம், அதாவது குறுக்கே கடக்கும் காந்தக்கோடுகளின் மொத்தம், குறுகிய இடத்தில் அடைபடுவதால் புலத்தின் வலிமை கூடுகிறது. எட்டாக முறுக்கி மடியுங்கள். இரண்டு வளையத்திலும் அம்புகள் ஒரே பக்கம் பார்க்கும். ஒரு சுற்று முடிந்தது, பாயம் இரட்டித்தது. அந்த உழைப்பு உங்கள் விரலிலிருந்து வந்தது. சூரியனில் கொதித்து எழும் வாயுவிலிருந்து வருகிறது.

அடுத்து, முறுக்காமல் செய்து பாருங்கள். இழுத்து, அப்படியே தட்டையாக அமுக்குங்கள். பக்கத்துப் பக்கத்து அம்புகள் எதிரெதிராக நிற்கும். ஒன்றை ஒன்று தின்றுவிடும். மிச்சம் ஒன்றும் இல்லை. முறுக்குதான் உயிர் என்பது இங்கேயே கண்ணில் பட வேண்டும்.

ஆனால் ரப்பர் பேண்ட் பாதிக் கதைதான். கொந்தளிப்பு மட்டும் இருந்தாலே, அது போதிய வேகத்தில் இருந்தால், காந்தம் வளரும். 1968-ல் கசன்செவ் இதைக் கணக்காகவே காட்டினார். ஆனால் அப்படி வளர்வது நூல்கண்டு சிக்கிக்கொண்டது போன்ற காந்தம். ஒவ்வொரு சுழலுக்கும் ஒரு திசை. தூரத்திலிருந்து சராசரி எடுத்தால் சுழியம். திசைகாட்டியை அசைக்கும் காந்தம் அது அல்ல. கோளையே வளைத்து நிற்கும் பெரிய புலம் வேண்டுமானால் எல்லாச் சுழலும் ஒரே புரியில் முறுக்க வேண்டும். வலம்புரிச் சங்கும் இடம்புரிச் சங்கும் கண்ணாடிப் பிம்பம் போல இருக்கின்றன அல்லவா? சுழல்களிலும் அந்த இரண்டு சாதி உண்டு. இரண்டும் சமமாகக் கலந்து கிடந்தால் பெரிய புலம் கிடையாது. ஒன்று ஓங்கினால் உண்டு.

இதற்குத்தான் சணல். இரண்டு மீட்டர் சணல் கயிற்றை மேசையில் நேராக நீட்டி, நான்கு பேர் நான்கு இடத்தில் பிடியுங்கள். நால்வரும் ஒரே நேரத்தில் கயிற்றைக் கிள்ளி மேலே தூக்கி, தூக்கியதைக் கால் சுற்றுத் திருப்ப வேண்டும், நால்வரும் ஒரே பக்கமாக. மேலே எழுந்த நான்கு கண்ணிகளும் மேசைக்குக் குறுக்கே, ஒரே முகம் பார்த்து நிற்கும். கிழக்கு மேற்காகக் கிடந்த கயிற்றிலிருந்து வடக்குத் தெற்காக வளையங்கள் கிடைத்துவிட்டன. பக்கத்து வளையங்கள் ஒன்றோடொன்று கூடிப் பெரிய வளையமாகும். மறுபடி செய்யுங்கள், இந்த முறை இரண்டு பேர் வலப்பக்கம், இரண்டு பேர் இடப்பக்கம். கண்ணிகள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கும். போன வருஷம் ஒரு மாணவி கயிற்றை விடாமலேயே சொன்னாள், "அப்போ கலக்கறது தப்பில்ல மேம், ஆளுக்கொரு பக்கமா கலக்கறதுதான் தப்பு." பாடம் முழுக்க அந்த வாக்கியத்தில் இருக்கிறது.

யூஜீன் பார்க்கர் 1955-ல் சொன்னது இந்தச் சணல் வேலையைத்தான். சுழலும் சூரியனில் எழும் வாயு விரிகிறது. விரிவதால் கோரியோலிஸ் விசை அதை ஒரு பக்கம் திருப்புகிறது. இறங்கும் வாயு சுருங்குகிறது, எதிர்ப்பக்கம் திரும்புகிறது. ஏறும்போது ஒரு பக்கம், இறங்கும்போது மறுபக்கம் என்றால் புரி ஒன்றுதான்! ஸ்குரூவை உள்ளே திருகினாலும் வெளியே திருகினாலும் அதன் மரை மாறாதது போல. வட அரைக்கோளம் முழுக்க ஒரு புரி ஓங்கும், தென் அரைக்கோளத்தில் அதற்கு எதிர்ப்புரி. கிழக்கு ஜெர்மனியில் ஸ்டீன்பெக், கிராவ்சே, ரேட்லர் மூவரும் 1966-ல் இதற்குச் சராசரிக் கணக்கு எழுதினார்கள். அவர்கள் ஆல்ஃபா என்று குறித்த எண் இந்தப் புரியின் அளவு. ஆல்ஃபா விளைவு என்ற பெயர் அங்கிருந்துதான்.

வளையத்திலிருந்து மறுபடி நீளக் கயிறு கிடைக்க வேண்டுமே? அது எளிது. சூரியனின் நடுக்கோடு சுமார் 25 நாளில் ஒரு சுற்றுச் சுற்றுகிறது, துருவப் பக்கம் சுமார் 35 நாள். கணக்குப் போட்டால் 88 நாளுக்கு ஒருமுறை நடுக்கோடு துருவத்தைவிட ஒரு முழுச் சுற்று முந்திவிடும். வடக்குத் தெற்காக ஓடும் காந்தக்கோடு நடுவில் இழுபட்டு, சூரியனைச் சுற்றிச் சுற்றிக் கட்டப்படும். 11 ஆண்டில் 45 சுற்றுக்குமேல். இதை ஒமேகா விளைவு என்பார்கள்.

முதலில் ஒரு வகுத்தல்

எந்தத் திரவத்தைப் பற்றிப் பேசினாலும் முதலில் இந்தக் கணக்கைப் போடாமல் மேலே போகாதீர்கள். ஓட்டத்தின் வேகத்தை அதன் நீளத்தால் பெருக்கி, காந்தம் அந்தத் திரவத்தில் கசிந்து கரையும் வீதத்தால் வகுக்க வேண்டும். வருவது காந்த ரேனால்ட்ஸ் எண். அது சில பத்துகளைத் தாண்டினால்தான் பேச்சே.

உருகிய சோடியத்தின் கசிவு வீதம் வினாடிக்குச் சுமார் 0.1 சதுர மீட்டர். ஒரு மீட்டர் தொட்டியில் வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் ஓட்டினால் எண் 100. நடக்கும். கடல் நீருக்கு வீதம் ஏறக்குறைய 1,60,000. ஆயிரம் கிலோமீட்டர் நீள நீரோட்டம் வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் போனாலும் எண் 6-ஐ ஒட்டித்தான் வரும். அதனால் கடல் தானாகக் காந்தம் வளர்க்காது. பூமியின் வெளிக்கருவில் உருகிய இரும்பு வினாடிக்கு அரை மில்லிமீட்டர்தான் நகர்கிறது, எறும்பு அதை முந்திவிடும். ஆனால் அந்த இரும்பு அடுக்கின் கனம் சுமார் 2,260 கிலோமீட்டர். எண் ஆயிரத்தைத் தொடுகிறது. எங்கள் ஊரை ஒட்டிக் காந்த நடுக்கோடு போவதால் ஆய்வகத்தில் சாய்வுமானியின் ஊசி ஏறத்தாழ படுத்தே கிடக்கும். அந்த ஊசியைப் பிடித்திருப்பது 2,900 கிலோமீட்டர் ஆழத்துக்குக் கீழே மெல்ல நகரும் அந்த இரும்பு. ஓட்டம் நின்றால் அந்தக் காந்தம் சில பத்தாயிரம் ஆண்டுகளில் கரைந்துவிடும். பூமியின் வயதோடு பார்த்தால் அது கண் இமைக்கும் நேரம்.

சோடியம் என்றதும் ஆசை வரும். வேண்டாம். 98 டிகிரியில் உருகும் அந்த உலோகம் தண்ணீரைத் தொட்டால் வெடிக்கும். அந்த வேலையை ஆய்வுக்கூடங்கள் செய்து முடித்துவிட்டன: 1999 நவம்பரில் லாட்வியாவின் ரீகா, அடுத்த மாதமே ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே. எனக்கு மிகப் பிடித்தது கார்ல்ஸ்ரூஹே தொட்டி. உள்ளே 52 சுருள் குழாய்கள். பக்கத்துக் குழாய்களில் சோடியம் எதிரெதிராக ஓடும், சுழற்சியும் எதிரெதிர், ஆனால் புரி எல்லாவற்றிலும் ஒன்றே. நாம் மேசையில் சணலை வைத்துச் செய்ததை அவர்கள் உலோகத்தில் செய்தார்கள். பம்பின் வேகத்தை ஏற்றிக்கொண்டே போனபோது ஒரு கட்டத்தில் காந்தம் தானாக எழுந்து நின்றது. 2006-ல் பிரான்ஸின் கதராஷில் குழாய் எதுவும் இல்லாமல் நிஜக் கொந்தளிப்பிலேயே காந்தம் எழுந்தது. ஆனால் அங்கே சுழலிகள் இரும்பால் செய்யப்பட்டிருந்தன. அந்த இரும்புக்கு அதில் பெரிய பங்கு உண்டு.

கணினியில்: 64 கட்டங்கள், ஒரே ஒரு திருகு

மேலே சொன்ன இரண்டு வேலையும் இரண்டு வரியில் அடங்கும். 'ஏ' என்பது வடக்குத் தெற்கு வளையத்தைக் குறிக்கும் எண், 'பி' என்பது சூரியனைச் சுற்றிக் கட்டிய காந்தம். இரண்டும் 'எக்ஸ்' என்ற ஒரே அச்சின்மேல், அட்சரேகை போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏ மாறும் வீதம்: ஆல்ஃபா பெருக்கல் பி, கூட்டல் ஏ-யின் இரண்டாம் வகைக்கெழு. பி மாறும் வீதம்: இழுவை (ஒமேகா விளைவின் அளவு) பெருக்கல் ஏ-யின் முதல் வகைக்கெழு, கூட்டல் பி-யின் இரண்டாம் வகைக்கெழு. இரண்டாம் வகைக்கெழுக்கள் கரைவதைக் காட்டுகின்றன. அந்தக் கரைவில் கொந்தளிப்பின் பங்கும் சேர்ந்தே இருக்கிறது. கொந்தளிப்பு காந்தத்தைக் கரைக்கவும் செய்யும். மாணவர் கேட்ட கேள்வியில் பாதி சரிதான். கொந்தளிப்பே இல்லாவிட்டால் சூரியனின் காந்தம் கோடிக்கணக்கான ஆண்டு அப்படியே கிடந்திருக்கும், இப்படி 11 ஆண்டுக்கொருமுறை புரண்டு, 22 ஆண்டில் பழைய நிலைக்கு மீளாது.

பைத்தானில் நம்பை (NumPy) என்ற கணக்குத் தொகுப்பு போதும். நீளம் 6.2832 உள்ள அச்சை 64 கட்டமாக வெட்டுங்கள். வலது ஓரம் இடது ஓரத்தோடு ஒட்டியிருக்கட்டும். அதற்கு 'ரோல்' (roll) என்ற கட்டளை இருக்கிறது. முதல் வகைக்கெழுவுக்கு வலது அண்டையில் இடது அண்டையைக் கழித்து இரண்டு கட்ட அகலத்தால் வகுக்க வேண்டும். இரண்டாவதற்கு இரு அண்டைகளையும் கூட்டி, நடுக் கட்டத்தை இருமுறை கழித்து, அகலத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். காலப்படி 0.001. இங்கே 0.0048-ஐத் தாண்டினால் அண்டை அண்டைக் கட்டங்கள் மேலும் கீழுமாகத் துள்ளி, எண்கள் நொடியில் எல்லை மீறிப் போய்விடும். அதைக் காந்தம் வளர்வதாக எண்ணிவிடக் கூடாது. காலப்படியைப் பாதியாக்கினாலும் வளர்ச்சி வீதம் மாறாமல் இருந்தால்தான் அது உண்மை வளர்ச்சி.

ஆல்ஃபாவை 1 என்று நிறுத்திவிடுங்கள். இழுவை மட்டும் உங்கள் திருகு. இந்த அளவுகோலில் அதுவே டைனமோ எண், அதாவது காந்தம் எழுமா அணையுமா என்று தீர்மானிக்கும் எண். தொடக்கத்தில் ஏ-க்கும் பி-க்கும் சிறு சிறு குறிப்பிலா (random) எண்களைக் கொடுங்கள்.

முதலில் 1.9 வைத்து ஓட்டுங்கள். பி மெல்ல மெல்ல அணையும். 2.1 வையுங்கள், மெல்ல எழும். வாசல் துல்லியமாக 2-ல் இருக்கிறது, தாளிலும் அதை வரவழைக்கலாம்: வாசலின் மதிப்பு அலை எண்ணின் மும்மடியைப்போல் இரு மடங்கு. ஒரு முழு அலை அச்சில் அடங்கினால் 2. இரண்டு அலை அடங்க 16. அதனால்தான் பெரிய அலை முந்திக்கொள்கிறது. சிறியதெல்லாம் கரைவில் தோற்கும், பெரியது தப்பும். குறிப்பிலா எண்களில் தொடங்கிய குப்பையெல்லாம் சில நொடியில் மழுங்கி, ஒரே ஒரு வழுவழுப்பான அலை திரையில் எழுவதைப் பார்க்கும்போது இன்றைக்கும் எனக்கு நெஞ்சு நிறைகிறது. பலன் சீக்கிரம் தெரிய 10 வையுங்கள். எழும் அலை 2.8 கால அலகுக்கு ஒருமுறை குறி மாற்றி மீளும்.

இங்கே ஒரு இடத்தில் நானே இரண்டு நாள் மாட்டிக்கொண்டேன். பி ஒழுங்காக அணைகிறது, ஏ மட்டும் நேர்கோடாக ஏறிக்கொண்டே போகிறது. ஆல்ஃபாவின் குறியை மாற்றினேன், ஏற்றம் இறக்கமானது; காலப்படியைக் குறைத்தேன், அப்போதும் நகர்வு நிற்கவில்லை. காரணம் மிகச் சின்னது. தொடக்கத்தில் கொடுத்த குறிப்பிலா எண்களின் சராசரி சுழியம் அல்ல. பி-யின் சராசரியை இந்தச் சமன்பாடு மாற்றவே மாற்றாது, அது அப்படியே நின்று ஏ-யின் சராசரியை ஒவ்வொரு படியிலும் தள்ளிக்கொண்டிருக்கும். தொடங்கும் முன் பி-யிலிருந்து அதன் சராசரியைக் கழித்துவிடுங்கள். ஒரே வரி.

இப்போது பி-யை வண்ணப் படமாக வரையுங்கள், காலம் கிடையாக, எக்ஸ் நெட்டாக. சாய்ந்த பட்டைகள் வரும். ஆல்ஃபாவை −1 ஆக்கி ஓட்டினால் பட்டைகள் மறுபக்கம் சாயும். புரியை மாற்றினால் அலையின் பயணமே திரும்புகிறது. சூரியப் புள்ளிகளை இதே மாதிரி காலத்துக்கும் அட்சரேகைக்கும் வரைந்தால், ஒவ்வொரு சுழற்சியின் தொடக்கத்திலும் 30 டிகிரிக்கு அருகே தோன்றி, 11 ஆண்டில் நடுக்கோட்டை நோக்கி இறங்கும். வண்ணத்துப்பூச்சிப் படம் என்று பெயர். மவுண்டர் தம்பதியர் 1904-ல் வரைந்தது. கொடைக்கானல் ஆய்வகம் அதே 1904 முதல் சூரியனைப் படமெடுத்து வருகிறது. கண்ணாடித் தகடுகளில் இருந்தவை இப்போது கணினிக் கோப்புகளாகியிருக்கின்றன. உங்கள் படத்தில் இருப்பது அந்த வண்ணத்துப்பூச்சியின் ஒரு சிறகு.

ஒரு சிறகுதான் என்பதை மறக்க வேண்டாம். 1980-களின் பிற்பாதியில் சூரிய அதிர்வுகளைக் கொண்டு உட்சுழற்சியை அளந்தபோது பெரிய இடி விழுந்தது. நடுக்கோட்டுப் பகுதியின் அடியில் இழுவையின் குறி எதிர்பார்த்ததற்கு நேரெதிர். அந்தக் குறியோடு, நாம் திரையில் எழுப்பிய இந்த அலை (பார்க்கரின் அலை என்று பெயர்) துருவத்தை நோக்கித்தான் ஏறும். இதற்குப் பதிலாக, மேற்பரப்பில் துருவத்துக்குப் போய் ஆழத்தில் நடுக்கோட்டுக்குத் திரும்பும் மெதுவான சுற்றோட்டம் காந்தத்தைச் சுமந்து செல்கிறது என்று 1995-ல் அர்ணாப் ராய் சௌத்ரி, ஷூஸ்லர், மௌசுமி திக்பதி மூவரும் காட்டினார்கள். இன்றும் இது முழுக்கத் தீர்ந்த வழக்கு அல்ல. என் பார்வையில், மாணவர்கள் முதலில் பார்க்கரின் அலையைத் தங்கள் கையால் எழுப்பிவிட்டு, பிறகு அது எங்கே இடிக்கிறது என்று தெரிந்துகொள்வதே சரி.

கடைசியாக ஒரு வேலை பாக்கி. இப்படியே விட்டால் பி முடிவில்லாமல் வளரும். நிஜத்தில் வளர்ந்த காந்தம் சுழல்களை இறுக்கிப் பிடித்து முறுக்க விடாது. அதைக் காட்ட ஆல்ஃபாவை '1 கூட்டல் பி-யின் வர்க்கம்' என்பதால் வகுங்கள். 10-ல் ஓட்டினாலும் இப்போது அலை ஓர் உயரத்தில் நின்றுவிடும். கூடவே மீளும் காலம் நீண்டு 6.28-ஐ ஒட்டி வந்துவிடும். வாசலில் இருந்த அதே காலம். அந்த 6.28 அலகுதான் சூரியனின் 22 ஆண்டு என்று வைத்து மற்றதை அளந்துகொள்ளுங்கள்.

பெட்டிக்குள் நிஜக் கொந்தளிப்பு

இதுவரை ஆல்ஃபாவை நாம் கையால் எழுதிக் கொடுத்தோம். கொந்தளிப்பே அதை உண்டாக்குவதைப் பார்க்க ஆசைப்பட்டால் பென்சில் கோட் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அதன் மாதிரிகளுக்குள் ஒரு புரிக் கொந்தளிப்புக்கென்றே பக்கத்துக்கு 32 கட்டங்கள் கொண்ட கனசதுரப் பெட்டி ஒன்று வைத்திருக்கிறார்கள். சாதாரணக் கணினியே தாங்கும். 2001-ல் ஆக்சல் பிராண்டன்பர்க் வெளியிட்ட கணக்கின் சிறு வடிவம் என்று சொல்லலாம். பெட்டியின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கு அளவுள்ள சுழல்களை, எல்லாம் ஒரே புரியில், இடைவிடாமல் தட்டிக்கொடுத்துக்கொண்டே இருக்கும்.

முதலில் நூல்கண்டுச் சிக்கல் போன்ற அந்தக் காந்தம் சட்டென்று எழும். அப்போது அவசரப்பட்டு நிறுத்திவிடாதீர்கள். பெரிய புலம் மிக மெதுவாக, காந்தம் கசியும் வேகத்தில்தான் தலைதூக்கும். காந்தக்கோடுகளின் மொத்த முறுக்கு நல்ல கடத்தியில் எளிதில் அழியாது. பெரிய புலம் ஒரு புரியை எடுத்துக்கொண்டால், எதிர்ப்புரி சின்னச் சுழல்களில் தேங்கி ஆல்ஃபாவை அமுக்கும். அந்தத் தேக்கம் கசிந்து போனால்தான் பெரியது மேலே வரும். சூரியனில் கசிவு மிக மிகக் குறைவு, ஆனாலும் 11 ஆண்டில் வேலை நடக்கிறது. தேங்கியதைப் புயல்களாக வெளியே வீசி எறிகிறதோ என்பது இன்றைய ஆய்வுகளின் நடுக்கேள்வி.

எங்கள் ஆய்வக மேசைக்கணினியில் மூன்று இரவு ஓடியபின், பட்டைகள் திரளத் தொடங்கிய நேரம் கரண்ட் போனது. வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த கதைதான். இடைநிலையை எத்தனை படிக்கு ஒருமுறை சேமிப்பது என்ற எண்ணை நான் மிகப் பெரிதாக வைத்திருந்தேன். அந்த வரியின் பெயர் 'ஐசேவ்' (isave). ஓட்டத்தைத் தொடங்கும் முன் அதைச் சிறிதாக்குங்கள்.

முடியும்போது பெட்டி முழுக்க ஒரே அலை நிற்கும், ஒரு பக்கமாகப் போகப் போகக் காந்தத்தின் திசை மெதுவாகத் திரும்பிக்கொண்டே போகும், ஒரே புரியில். எந்த அச்சின் வழியாகத் திரும்பும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதனால் தொடக்கக் குறிப்பிலா எண்ணை மாற்றி ஓரிரு முறை ஓட்டுங்கள். நாங்கள் ஓட்டிய மூன்றில் இரண்டு முறை செங்குத்து அச்சைப் பிடித்தது, ஒருமுறை கிடையாகப் படுத்துவிட்டது. புரி மட்டும் மூன்று முறையும் மாறவில்லை.